கிளினிக்கல் சைக்காலஜியில் டாக்டர் பட்டம்: ஃபீஸ் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பிஎச்.டி. சேர்ந்து எட்டாவது மாதம். கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த சீனியர் ஒருவர், "முடிச்சுட்டு என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டார். "எங்க ஏரியாவிலயே, தண்டையார்பேட்டை மணிக்கூண்டு பக்கம் சின்னதா ஒரு கிளினிக் போடணும்ணா" என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இந்தப் பட்டத்தை வச்சா? ஆர்.சி.ஐ. நம்பர் இல்லாம ஒரு ஐ.க்யூ. ரிப்போர்ட்ல கூட கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு கையெழுத்துப் போட முடியாதே." ஆர்.சி.ஐ. என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில்.

முதல் வருடத்துக்கு நான் கட்டியது 85 ஆயிரம். அப்பா வேலை செய்யும் இடத்தில் லோன் போட்டுக் கொடுத்த பணம். அந்தப் பல்கலைக்கழகம் என்னிடம் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இது கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி.தானே?" என்று கேட்டேன், "ஆமாம்" என்றார்கள். உண்மைதான். நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அதற்குப் பிறகு வெளியே வந்து, சான்றிதழ்களை மீட்டு, வேறு வழியில் மறுபடி சேர ஒன்றரை வருடம் ஆனது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இருந்து எம்.எஸ்சி. சைக்காலஜி முடிக்கிற தங்கைகளும் தம்பிகளும் இப்போது போன் செய்து கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

1. நோயாளியைப் பார்க்கணுமா, பாடம் நடத்தணுமா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் மற்ற எல்லாமே கோணலாகிவிடும்.

இந்தியாவில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு மாட்டுவதற்கு மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சிறையைப் பாருங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று வரையறுத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜி தகுதி பெற்றவர். அல்லது சைக்காலஜியில் முதுகலையோடு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி உள்ள, ஆர்.சி.ஐ. ஏற்ற இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். முடித்தவர். அந்த வரையறையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிஎச்.டி. என்ற சொல்லே அதில் இல்லை.

ஆக, டாக்டர் பட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே இரண்டு வேறு வண்டிகள் நிற்கின்றன.

பிஎச்.டி. ஓர் ஆராய்ச்சிப் பட்டம். கல்லூரியில் வேலை, ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை என்றால் இது போதும். பெயரில் "கிளினிக்கல்" இருந்தாலும், அதற்கு முன்போ அதோடு சேர்ந்தோ ஆர்.சி.ஐ. தகுதி இல்லை என்றால் நோயாளியைப் பார்க்கும் உரிமம் தானாக வராது.

சை.டி. (Psy.D.) என்பது தொழில்முறை டாக்டர் பட்டம். முழுநேரம், மருத்துவமனைப் பயிற்சியோடு. ஆர்.சி.ஐ. அனுமதித்த இடத்தில் படித்தால் பதிவுக்குப் போகலாம். நடத்தும் இடங்கள் குறைவு, சீட்டும் குறைவு.

ஏற்கெனவே எம்.ஃபில். முடித்து ஆர்.சி.ஐ. பதிவு வைத்திருப்பவர் தாராளமாக எந்த நல்ல பிஎச்.டி.யிலும் சேரலாம். அவருக்கு இந்தக் கட்டுரையில் மூன்றாவது படியிலிருந்து படித்தால் போதும்.

ஒரு வருடப் புரொஃபஷனல் டிப்ளமோ ஒன்றைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அதை முடித்தவர்களுக்குப் பதிவு "அசோசியேட்" என்ற அடைமொழியோடுதான். அதுவும் முழுப் பதிவும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. நீங்கள் சேரும் வருடத்துக்கான அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்

"ஆர்.சி.ஐ. அப்ரூவ்டு" என்று போஸ்டரில் எழுதியிருப்பது ஒன்றும் நிரூபிக்காது. நான்கு விதமாக ஏமாறலாம், நான்கையும் நேரில் பார்த்துவிட்டேன்.

அந்தக் கல்லூரியில் சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கு அனுமதி இருக்கும். உங்கள் படிப்புக்கு இருக்காது. அனுமதி போன வருடத்தோடு முடிந்திருக்கும், நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்துக்கு அனுமதி இருக்கும், உங்களை வேறு வளாகத்தில் உட்கார வைப்பார்கள். கடைசியாக, அனுமதி 8 சீட்டுக்கு இருக்கும், சேர்த்தது 12 பேராக இருக்கும். அந்த 12-ல் நீங்கள் எத்தனையாவது ஆள்?

ஆர்.சி.ஐ. இணையதளத்தில் மாநிலவாரியாக, படிப்புவாரியாக அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. படிப்பின் பெயர், எந்த ஆண்டு வரை அனுமதி, எத்தனை சீட் என்று மூன்றையும் பாருங்கள். பார்த்த தேதியோடு பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். அப்புறம் கல்லூரியில் போய் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். இருப்பவர்கள் எடுத்துக் காட்டிவிடுவார்கள். "அதெல்லாம் ஹெட் ஆபீஸில் இருக்கு" என்றால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம்.

எம்.ஃபில். விஷயத்தில் கூடுதல் கவனம். 2022 விதிமுறைகளோடு யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. 2024 ஜனவரியில் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. எனவே அதற்குப் பிந்தைய ஆண்டுக்கு யாராவது "எம்.ஃபில். சீட் இருக்கு" என்றால், அந்த ஆண்டைக் குறிப்பிட்டு யு.ஜி.சி.யும் ஆர்.சி.ஐ.யும் கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள். பழைய கடிதத்தை ஜெராக்ஸ் போட்டுக் காட்டுவார்கள், தேதியைப் பாருங்கள்.

3. பல்கலைக்கழகத்தை விட கைடு முக்கியம்

இது பிஎச்.டி.க்காரர்களுக்கு. நான்கைந்து வருடம் நீங்கள் வாழப்போவது பல்கலைக்கழகத்தின் பெயரோடு இல்லை, உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் ஒரு மனிதரோடு. மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி விசாரியுங்கள். கிண்டல் இல்லை.

முதல் வேலை, சோத்கங்கா. நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஏற்றப்படும் இலவச இணையக் களஞ்சியம் அது. நீங்கள் நினைக்கும் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், என்ன தலைப்பு என்று பாருங்கள். பல ஆய்வேடுகளின் முன்பக்கங்களில் பதிவு செய்த ஆண்டும் சமர்ப்பித்த ஆண்டும் இருக்கும், கழித்துப் பாருங்கள். இடையில் ஏழு வருடம், எட்டு வருடம் என்று வந்துகொண்டே இருந்தால் காரணத்தை விசாரிக்க வேண்டும். நான் பார்த்த ஒருவரிடம் ஐந்து ஆய்வேடுகள் இருந்தன. ஐந்துமே கல்லூரி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. நோயாளிகளோடு செய்த ஒன்றுகூட இல்லை. தலைப்பில் "கிளினிக்கல்" என்று போட்டுக்கொள்ள நான் மட்டும் தயாராக இருந்தேன்.

இரண்டாவது, எண்ணிக்கை. யு.ஜி.சி. 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். "உங்ககிட்ட இப்ப எத்தனை பேர் இருக்காங்க சார்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தயங்கினால் துறை அலுவலகத்தில் கேளுங்கள், காலியிடம் எத்தனை என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, ஓய்வு. பணி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆளை எடுக்கக்கூடாது என்பது விதி. சிலர் விளிம்பில் நின்று எடுப்பார்கள். நடுவில் கைடு மாறினால் தலைப்பும் மாறலாம், வருடமும் போகலாம்.

நான்காவதுதான் நான் அதிகம் நம்புவது. அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரோடு பேசுங்கள், கல்லூரிக்கு வெளியே. "நீங்க எழுதின அத்தியாயத்தைத் திருத்திக் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்குவாரு?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நாள் கணக்குக் கேட்டால் வாய் தவறி வந்துவிடும். எனக்கு ஒரு பெண் சொன்ன பதில்: "அது அவங்க பொண்ணு பரிட்சையைப் பொறுத்துக்கா."

4. நெட்டும் நுழைவுத் தேர்வும்

சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்கு ஏற்கெனவே ஊரெல்லாம் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

பிஎச்.டி. சேர இரண்டு வருட முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் சைக்காலஜியின் பாட எண் 04. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம், தப்புக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஒரு கேள்வியைக்கூட விடாதீர்கள்.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி., பிஎச்.டி.க்கு மட்டும். பின்னால் உள்ள இரண்டு வகையில் பிஎச்.டி. சேர்க்கையின்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வாங்கி வைத்துவிட்டு நிதானமாகத் தேடலாம் என்று இருந்தால் காலாவதியாகிவிடும். சொந்தமாக நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம்.

வீட்டில் படிக்க இடமில்லாதவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் ஒரே அறை, டிவி சத்தம் நிற்காது. கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்த பிறகு அங்கே போய்ப் படிக்க ஆரம்பித்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர்.

5. காகிதங்கள்: இங்கேதான் மாதங்கள் போகும்

முதலில் இனிஷியல். நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கும் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பட்டச் சான்றிதழில் இனிஷியல் கடைசியில். நெட் விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, பிஎச்.டி. விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரி போட்டால், சரிபார்ப்பு நாளில் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதாரை அதற்கேற்றபடி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓ.பி.சி. சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. நெட்டுக்கும் மத்திய அரசு நிறுவனங்களுக்கும் அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்தாலும் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று முன்பே பாருங்கள்.

நான் இதற்காக இ-சேவை மையத்துக்கு மூன்று முறை போனேன். கட்டணம் 60 ரூபாய்தான். முதல் முறை அப்பாவின் சாதிச் சான்றிதழ் இல்லை என்று திருப்பினார்கள். அது பெட்டிக்குள் இருந்தது, 2015 வெள்ளத்தில் நனைந்து காய்ந்து, முத்திரை மட்டும் ஊதா நிறத்தில் பரவிப்போய்க் கிடந்தது. ஸ்கேன் செய்த பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல தாசில்தார் பேரே தெரியல" என்றான். இரண்டாவது முறை வருமானச் சான்று பழையது. மூன்றாவது முறை எல்லாம் சரி, சர்வர் வேலை செய்யவில்லை. விண்ணப்பித்த பிறகு வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை, தாலுகா அலுவலகம் என்று இன்னும் மூன்று வாரம் ஓடியது. ஏப்ரல் பிறந்ததும் அந்த நிதியாண்டுக்கு வாங்கிவிடுங்கள். நெட் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் சிக்கல்தான்.

மற்றவை: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், இளங்கலை மற்றும் முதுகலையின் எல்லா செமஸ்டர் பட்டியல்கள், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல், பட்டச் சான்றிதழ், டி.சி., நன்னடத்தைச் சான்று. வேறு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்திருந்தால் மைக்ரேஷன் சான்றிதழ். பகுதிநேரம் என்றால் வேலை செய்யும் இடத்தின் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.). பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல், பட்டச் சான்றிதழை வாங்காமல் விட்டவர்கள் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: ஒரிஜினலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். சேர்க்கையின்போது உங்கள் முன்னால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. எனக்கு அது தெரியாது. கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வாங்க "மீதி வருடங்களுக்கும் ஃபீஸ் கட்டணும்" என்றார்கள். அந்த அறிவிப்பைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் நின்ற பிறகுதான் ஃபைல் அலமாரி திறந்தது. யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் போடலாம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

6. ஃபீஸ் மட்டும் செலவு இல்லை

கட்டண விவரம் கேட்கும்போது ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். சேர்ந்த நாள் முதல் கடைசி வாய்மொழித் தேர்வான வைவா நாள் வரை எதற்கெல்லாம், எப்போதெல்லாம் பணம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதிவு, கோர்ஸ் ஒர்க் தேர்வு, ஆண்டுக் கட்டணம், காலம் நீட்டித்தால் அதற்கு, சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம், திருட்டு எழுத்துச் சோதனை, ஆய்வேடு சமர்ப்பிப்பு, வைவா என ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது போடும் இடங்கள் உண்டு. குறைந்தபட்ச காலம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு வருடம் உண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. பட்ஜெட்டை மூன்று வருடத்துக்குப் போடாமல் ஐந்துக்குப் போடுங்கள்.

சைக்காலஜிக்கே உரிய செலவு, டெஸ்டுகள். பெக் மனச்சோர்வு அளவுகோலின் இரண்டாம் பதிப்பு போன்றவை காப்புரிமை உள்ளவை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 இரண்டும் இலவசம், தமிழிலும் கிடைக்கும். வெச்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைப் பெட்டி துறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் "பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அலமாரிச் சாவி தொலைந்துபோன துறைகள் உண்டு.

தமிழில் இல்லாத டெஸ்ட்டை எடுத்தால் மொழிபெயர்ப்பு, வேறொருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிடுவது, முன்னோட்டச் சோதனை என்று ஆறு மாதம் சேர்ந்துகொள்ளும். அது மட்டுமில்லை. "ஐ ஃபீல் ப்ளூ" (மனசு சோர்வா இருக்கு) ரக வாக்கியத்தைப் புத்தகத் தமிழில் போட்டுக் காசிமேட்டு அம்மா ஒருவரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "இன்னாமா சொல்ற, ஒடம்புக்கு முடியலையான்னு கேக்குறியா?" என்றார். முன்னோட்டத்துக்கு நம் தெருவிலேயே போங்கள், கல்லூரிக்குள் செய்யாதீர்கள்.

வரும் பணம்: ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் முழுநேரமாகப் படித்தால் தமிழக அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) முனைவர் ஆய்வு உதவித்தொகையும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை முழுநேரத்துக்குத்தான். பகுதிநேரத்தில் சேர்ந்துவிட்டு உதவித்தொகை கேட்டுப் பயனில்லை.

7. வடசென்னையிலிருந்து போய் வரும் தூரம்

இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். கிளினிக்கல் பயிற்சி உள்ள படிப்பு என்றால் காலையில் ஓ.பி., அதாவது வெளிநோயாளிப் பிரிவு, ஆரம்பிக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. விம்கோ நகரோ தண்டையார்பேட்டையோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஆனால் அங்கே உளவியல் துறையில் பிஎச்.டி. என்பது ஆராய்ச்சிப் பட்டம். முதல் படியில் சொன்னதை நினைவில் வையுங்கள். கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சிக்குப் பெயர் சொல்லும் இடங்கள் எல்லாம் ஊருக்கு அந்தக் கோடியில்: போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். பீச் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஆர்.எம். பக்கத்து ஸ்டேஷனான பொத்தேரிக்கு லோக்கல் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். பீச் வரைக்கும் போவது தனி. முட்டுக்காட்டுக்கு ரயிலே கிடையாது. தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு கேஸ் ரெக்கார்டு எழுத முடியாது. ஹாஸ்டல் வாடகையைச் செலவுக் கணக்கில் இப்போதே சேருங்கள்.

கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் நமக்குப் பக்கம்தான். சைக்காலஜி படிக்கிறேன் என்றதும் எங்கள் தெருவில் முதலில் வந்த கேள்வி, "கீழ்ப்பாக்கத்துலயா?" அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு. பழகிக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சிக்கோ ஆய்வுக்கோ அங்கே அனுப்புவோம் என்று ஒரு கல்லூரி சொன்னால், "ஒப்பந்தம் இருக்கிறதா, போன வருடம் எத்தனை பேர் போனார்கள்?" என்று கேளுங்கள். அதே கேள்வி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும் பொருந்தும்.

8. நோயாளிகளிடம் தரவு எடுக்கும் வழி

சேரும் முன்பே விசாரிக்க வேண்டிய விஷயம். கல்லூரிக்கென்று ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) இருக்கிறதா, வருடத்தில் எத்தனை முறை கூடுகிறது? அரசு மருத்துவமனையில் தரவு எடுப்பதாக இருந்தால் அந்த மருத்துவமனையின் கமிட்டியும் டீன் அனுமதியும் தனியாக வேண்டும். சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அது இலவசம். ஆனால் எத்திக்ஸ் கடிதம் இல்லாமல் பதிய முடியாது, பதியாமல் ஆரம்பித்தால் பின்னால் இதழ்களில் போட மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்தக் கடிதங்களுக்காகவே பதினோரு மாதம் போனது. தலைப்பு முடிவாகும்போதே ஓட ஆரம்பியுங்கள்.

9. வெளிநாடு

அமெரிக்கா என்றால் அந்நாட்டு உளவியல் சங்கம் அங்கீகரித்த படிப்பா என்று மட்டும் முதலில் பாருங்கள். அப்படி அங்கீகாரம் பெற்றவை, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சியிடம் கிடைத்தது என்ற விவரத்தைத் தங்கள் தளத்திலேயே வெளியிட வேண்டும். நம் ஊரில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் என் 85 ஆயிரம் தப்பித்திருக்கும். அங்கே பிஎச்.டி.யில் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும், சை.டி.க்குக் கையிலிருந்து போட வேண்டிவரும். பல இடங்களில் விண்ணப்பக் கடைசித் தேதி டிசம்பர் தொடக்கம். திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய நினைத்தால் ஆர்.சி.ஐ. அந்தப் பட்டத்தை ஏற்க வேண்டும், அதைப் போவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

10. மாதக் கணக்கு

ஏப்ரலில் ஓ.பி.சி., வருமானச் சான்றிதழ்கள். நெட் ஜூன் தேர்வுக்கு அதற்குள் விண்ணப்பம் வந்துவிடும். தேர்வுக்கும் முடிவுக்கும் நடுவில் கைடு தேடல், சோத்கங்கா, போன் விசாரணை. சேர்க்கை அறிவிப்பு வரும்போது அனுமதிக் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் நெட்டை நம்பி இருப்பவர்கள் இதையே ஆறு மாதம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டிய பிறகு தப்பான இடம் என்று தெரிந்தால், நாளை எண்ணுங்கள். 2018 யு.ஜி.சி. அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு மேல் முன்பாக விலகினால் சிறிய செயலாக்கக் கட்டணம் போக மற்ற பணம் திரும்ப வரும். அதற்குப் பிறகு, ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 50. அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் எட்டு மாதம் கழித்துப் போய் நின்றவள்.

இந்தக் கேள்விகள் எதையும் போனில் கேட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மின்னஞ்சலில் ஐந்தே வரி எழுதுங்கள்: இந்தப் படிப்பு முடித்தால் நான் ஆர்.சி.ஐ.யில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமா? இந்த ஆண்டு அனுமதிக் கடிதத்தின் நகல் கிடைக்குமா? சீட் எத்தனை? பயிற்சி எந்த மருத்துவமனையில்? வைவா வரை மொத்தச் செலவு எவ்வளவு? பத்து நாள் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், அல்லது "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று வந்தால், கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி அதே மின்னஞ்சலை அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.